அலாரம் அடிக்காத இருபத்திரண்டு நிமிடங்கள்

மார்ச் 3, ஞாயிறு

மன்னிக்கவும். எழுதும்படி எனக்கு எதுவும் நடக்கவில்லை. நோட்டு சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான். போன அக்டோபரில் புது நர்ஸ்களை வரவேற்றபோது ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அட்டையில் 'உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்' என்று அச்சடித்திருக்கிறது. ஐந்து மாதமாக அதன்மேல் ராம்யன் நூடுல்ஸ் பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். 'குரல்' என்ற இடத்தில் வட்டமாக ஒரு கறை.

யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. இருந்தாலும் முறைக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் மேங் பிட்னா. வயது இருபத்து மூன்று. தேகுவில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் இதய ஐசியூவில் நர்ஸ். அம்மா யோங்சொன் சந்தையில் ரத்தக்கட்டி சூப் கடை வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்தது நான் ஒருத்திதான். பட்டமளிப்புப் போட்டோ கடையில் விலைப்பட்டியலுக்கும் காலண்டருக்கும் நடுவில் தொங்குகிறது. சாப்பிட வருகிறவர்கள் அதையும் ஒரு அயிட்டம் என்று நினைத்துப் படிக்கிறார்கள்.

வார்டில் அம்மாவின் கடையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "வியாபாரம்" என்பேன்.

மார்ச் 5, செவ்வாய்

எங்கள் வார்டில் எல்லோரும் எல்லோரையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். யாரும் யாருக்கும் எதையும் சொல்லித் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு மேலே இருப்பவர் தாக் டீச்சர். பன்னிரண்டு வருஷ அனுபவம். என்னை அவர் திட்டுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக.

"என்ன சொன்ன?"

"மருந்து ஏத்தியாச்சு, டீச்சர்."

"என்ன?"

"மருந்து ஏத்தி—"

"கொசுகூட உன்னைவிடச் சத்தமா பாடும் பிட்னா. வாயில என்ன, பருத்தியா?"

இரண்டாவது காரணம், என் டூட்டியில்தான் எல்லாம் நடக்கும் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. நான் வந்தால் படுக்கைகள் நிரம்புமாம். "பிட்னா டூட்டின்னா, ஓடி ஓடி வேர்த்துடும்னு நான் ரெண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துட்டு வருவேன்" என்றார் இன்று, எல்லோர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருப்பதற்கும் தைரியம் வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிவைக்கிறேன். எங்கள் வார்டில் ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது. ஆபரேஷன் முடிந்து வரும் குழந்தையின் நெஞ்சிலிருந்து ஒரு குழாய் வெளியே வரும். உள்ளே கசிகிற ரத்தம் அது வழியாக ஒரு பெட்டியில் இறங்கும். மணிக்கொருமுறை பெட்டியில் ஒட்டிய வெள்ளை டேப்பில் கோடு போட்டு நேரம் எழுதுவோம். கோடுகள் நெருங்கிக்கொண்டே வரவேண்டும். அப்படி வந்தால், "நல்லா இருக்கு" என்று சொல்லலாம். "ரத்தம் நின்னுடுச்சு" என்று மட்டும் சொல்லக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி சொன்னாளாம். பத்து நிமிஷத்தில் பெட்டி நிறைந்துவிட்டதாம். அவள் இப்போது பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள்.

டாக்டர்களும் சொல்ல மாட்டார்கள். மா டாக்டர் முப்பது வருஷமாக இதயம் திறக்கிறவர். அவரும் தலையை மட்டும் ஆட்டுவார்.

மார்ச் 8, வெள்ளி

காற்றில் பாலைவனத்து மஞ்சள் தூசி. துவைத்த சாக்ஸ் மறுபடி அழுக்கு.

மார்ச் 10, ஞாயிறு

நாலாம் படுக்கைக்கு நாளை ஒரு குழந்தை. ப்யோ சோதாம், பெண், எட்டு மாதம், ஏழு கிலோ இருநூறு கிராம். பிறவியிலேயே இதயத்தில் நாலு கோளாறு சேர்ந்தாற்போல. அழுதால் உதடு கத்தரிப்பூ நிறமாகிவிடுகிறது. அதனால் அவளை அழவிடாமலே எட்டு மாதம் வளர்த்திருக்கிறார்கள். சொங்சொங்கில் ஆப்பிள் தோட்டம். அப்பா மரங்களுக்குக் கவாத்து பண்ணுகிற நேரம் என்று வரவில்லை.

ஐசியூ எப்படி இருக்கும் என்று காட்ட அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா நிறையப் பேசுகிறவர்.

"சிஸ்டர், ரத்தம் நிறையப் போகுமா?"

"கொஞ்சம் போகும்."

"கொஞ்சம்னா? ஒரு காப்பிக் கப்பு? அரைக் கப்பு?"

நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் கசியும். ஆபரேஷன் நடக்கையில் ரத்தம் முழுவதும் ஒரு எந்திரத்துக்குள் போய்ச் சுற்றி வரவேண்டும். சுற்றும்போது உறையாமல் இருக்க மருந்து, நீர்க்கவைக்க மருந்து. முடிந்தபிறகு அதே ரத்தத்தைப் பார்த்து, இனிமேல் ஒழுங்காக உறை என்கிறோம். இதையெல்லாம் சொல்ல வாய் எடுத்தேன். வந்தது இவ்வளவுதான்:

"டாக்டர் சொல்வாரு."

"நீங்க ரொம்ப அமைதி சிஸ்டர்" என்றார். "நல்லது. தோட்டத்துல நான் பேசியே பாதி மரம் காய்க்கிறதில்லன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார்."

மார்ச் 11, திங்கள்

ஒரு மணிக்கு சோதாம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்தாள். ஏழு கிலோவுக்குப் பதினோரு குழாய்.

முதல் ஒரு மணி நேரத்தில் நாற்பத்தைந்து மில்லி. அடுத்ததில் ஐம்பது. அவளுக்கு இது காப்பிக் கப்பு விஷயமில்லை. அவள் உடம்பில் மொத்தமே ஒரு பால் பாக்கெட் அளவுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

எல்லோரும் எண்ணைப் பார்த்தார்கள். நான் ரத்தத்தைப் பார்த்தேன். குழாய்க்குள் தண்ணீர் மாதிரி ஓடியது. பெட்டியின் அடியில் போய்ச் சேர்ந்து அரைமணி ஆகியும் அசைத்தால் அலையடித்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். சின்ன வயதில் சனிக்கிழமை காலையில் அண்டாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாட்டு ரத்தத்தை அசைக்காமல் வைத்தால் தோஃபு மாதிரி உறையும். யாராவது கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் நார் நாராக விரலில் சுற்றி வந்துவிடும். மிச்சம் இருப்பது நாள் முழுக்க வைத்தாலும் உறையாது. "நார் போயிடுச்சுன்னா ரத்தம் வெறும் சாயத்தண்ணிடி" என்பாள் அம்மா. சோதாமின் ரத்தத்தில் நார் இல்லை.

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. மா டாக்டர் வந்தார், பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார், அலையைப் பார்த்தார், "உறையலையே" என்று மஞ்சள் பைகளை வரவழைத்தார். நாரும் தட்டணுக்களும் உள்ள பைகள். அவருக்குப் பாடம், எனக்குச் சனிக்கிழமை. பதில் ஒன்றுதான்.

நாலரைக்குக் குழாயின் ஓரத்தில் ஒரு நூல் போலப் படிந்தது. உறைய ஆரம்பித்துவிட்டது. ஐந்து மணிக் கோட்டில் இருபத்திரண்டு.

"நல்லா இருக்கு" என்றார் தாக் டீச்சர். பிறகு என்னைப் பார்த்து, "நீ கிளம்பு முதல்ல. நீ போனா இன்னும் நல்லா இருக்கும்."

மார்ச் 12, செவ்வாய்

சோதாம் உயிரோடு இருக்கிறாள். இன்றைக்கு எழுத முடியாது.

மார்ச் 13, புதன். லீவு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதையே மென்றுகொண்டிருப்பேன்.

நேற்றுக் காலை டூட்டி. பன்னிரண்டு மணிக் கோட்டில் பதினாலு மில்லி. ஒரு மணிக்குப் பதினொன்று. இரண்டு மணிக்குக் கோடு ஏறவேயில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே கோடு. பக்கத்தில் 2:00 என்று எழுதினேன். தாக் டீச்சர் டேப்பைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திச் சிரித்தார். நானும் சந்தோஷப்பட்டேன். இதை மறைக்கக் கூடாது. நானும் சந்தோஷப்பட்டேன்.

இரண்டரைக்கு டூட்டி ஒப்படைப்பு. மேசையைச் சுற்றி மாலை டூட்டிக்காரர்கள் நிற்க, தாக் டீச்சர் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லிக்கொண்டு வருவார். அது முடியும்வரை யாரும் குறுக்கே பேசுவதில்லை. முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள்: ஒப்படைப்பின் நடுவில் பேசலாம், அலாரம் அடித்தால். புதியவள் படுக்கையருகே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் நின்றேன்.

2:35. சும்மா இருக்க முடியாமல் குழாயை விரலால் உருவினேன். வழக்கமாக உருவினால் உள்ளே இருப்பது நகரும். நகரவில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் குழாய் முழுக்கக் கருஞ்சிவப்பாக, பளபளவென்று, ஓரத்தில் மட்டும் ஒரு மயிரளவு விலகி. அந்த விலகலில் மஞ்சள் தண்ணீர்.

அம்மாவின் தட்டில் கட்டி உறைந்து முடிந்ததும் அப்படித்தான் ஓரம் விலகி மஞ்சளாகத் தண்ணீர் விடும்.

அப்படியென்றால் ரத்தம் கசிவது நிற்கவில்லை. குழாய் அடைத்திருக்கிறது. வெளியே வராதது உள்ளே சேர்கிறது. எங்கே சேரும்? இதயத்தைச் சுற்றி. எவ்வளவு இடம் இருக்கிறது அங்கே?

மானிட்டரைப் பார்த்தேன். இதயத் துடிப்பு 148 இருந்தது 161. ரத்த அழுத்தம் 80 இருந்தது 71. உள்ளே நெருக்கடி வந்தால் ஏறுகிற சிரை அழுத்தம், ஒன்பது இருந்தது பதிமூன்று. அலாரம் அடிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. துடிப்பு 180-ஐத் தாண்டினால்தான் அடிக்கும்.

மேசைக்குப் பத்தடி. 2:42-க்கு அங்கே போனேன். எப்படி ஏழு நிமிஷம் ஆனது என்று கேட்டால் — பத்தடி நடக்க ஏழு நிமிஷம் ஆனது. தாக் டீச்சர் ஒன்றாம் படுக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு சொன்னேன்:

"டீச்சர்... நாலாம் பெட்... ரத்தம் நின்னுடுச்சு."

ஏழு பேரும் திரும்பினார்கள். யாரோ "ஐயோ" என்றார்கள். தாக் டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

"அந்த வார்த்தைய வாயில எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கலையா? போ. போய் பெட் பக்கத்துல நில்லு."

நான் போய் படுக்கைப் பக்கத்தில் நின்றேன்.

அதை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். 'இல்லை டீச்சர், அடைச்சிருக்கு' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. அடைச்சிருக்கு டீச்சர். அடைச்சிருக்கு டீச்சர். இங்கே ரூமில் தனியாகச் சத்தமாகவே வருகிறது. அங்கே ஏன் வரவில்லை? ஐந்து மாதத்தில் முதல்தடவையாக அவர்கள் காதில் விழும்படி பேசினேன். விழுந்தது அந்த ஒரு வார்த்தை. இன்னொருமுறை வாய் திறக்க — என்னால் முடியவில்லை. அவள் உதடு வெளுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டு! குழாயை உருவினேன், உருவினேன், ஏதோ மாடு கறக்கிறவள் மாதிரி.

2:55. துடிப்பு 171. அழுத்தம் 60. இன்னும் அடிக்கவில்லை. மேசையில் மூன்றாம் படுக்கை போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் நான் மானிட்டரைத் தொட்டேன். அலாரம் எல்லை என்று இருக்கிற இடத்தில் அழுத்தி, 180-ஐ 165 ஆக்கினேன். டாக்டர் உத்தரவில்லாமல் அதைத் தொடக் கூடாது. 2:57.

அடித்தது. அது நன்றாகச் சத்தமாக அடிக்கும்.

தாக் டீச்சர்தான் முதலில் ஓடிவந்தார். எண்களைப் பார்த்தார், குழாயை ஒருமுறை தொட்டார், முகம் வெளுத்தது. "மா டாக்டரைக் கூப்பிடு! நெஞ்சு திறக்கிற செட்டு எடு!" ஒரு நொடிதான். வந்து பார்த்த ஒரே நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அழுத்தம் 41 வரை போனது. நான்கு நிமிஷத்தில் மா டாக்டர் வந்து, படுக்கையிலேயே தையலைப் பிரித்து, விரலை விட்டு வழித்து எடுத்தார். எலுமிச்சம்பழ அளவு. என் கையிலிருந்த துணியில்தான் வைத்தார். சதுரமாக வெட்டினால் அம்மாவின் கட்டிக்கும் அதற்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எடுத்த உடனே 41, 58, 79 என்று ஏறியது. மடை திறந்தாற்போல. தையலோரம் ஒரு சின்ன நாளம் கசிந்துகொண்டிருந்தது. முடிச்சுப் போட்டார். வீக்கம் வடியட்டும் என்று நெஞ்சை மூடாமல் மேலே உறை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

41-இல் எத்தனை நிமிஷம் இருந்தாள், மூளைக்கு ரத்தம் போதுமானதாகப் போயிருக்குமா — விழித்தால்தான் தெரியும் என்றார் மா டாக்டர்.

நேற்று ரூமுக்கு வந்து சாப்பிட்டேன். பசித்தது. அதையும் எழுத வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

வெள்ளை நாள். பையன்கள் பெண்களுக்கு மிட்டாய் கொடுக்கிற தினம். எங்கள் வார்டில் மிட்டாய் கிடைத்தது நாலாம் படுக்கை மானிட்டருக்கு. யாரோ அதன் தலையில் ஒரு பாக்கெட்டை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். "நம்ம எல்லாரையும்விட இதுக்குத்தான் புத்தி" என்று தாக் டீச்சர் அதன் திரையைத் துடைத்தார்.

மானிட்டர்தான் காப்பாற்றியது என்று சோதாமின் அம்மாவுக்கும் விஷயம் போயிருக்கிறது. பார்வை நேரத்தில் உள்ளே வந்ததும் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் மானிட்டருக்கு இடுப்பு வளைத்து ஒரு கும்பிடு போட்டார்.

நான் பக்கத்தில் நின்றேன்.

மார்ச் 15, வெள்ளி

நெஞ்சை மூடிவிட்டார்கள். இன்னும் மயக்க மருந்தில்.

மார்ச் 17, ஞாயிறு

மருந்தைக் குறைத்தார்கள். கையைக் கிள்ளினால் இழுக்கிறாள். கண் திறக்கவில்லை.

"தூங்குமூஞ்சி. அப்பா மாதிரி" என்றார் அவள் அம்மா. பிறகு என்னிடம், மெதுவாக: "சிஸ்டர், இவ்வளவு நேரம் தூங்குறது வழக்கந்தானே?"

"சில பேர் தூங்குவாங்க."

"சில பேர்னா எத்தனை பேரு?"

எனக்குத் தெரிந்த எண் இருபத்திரண்டு மட்டும்தான், 2:35-லிருந்து 2:57 வரை.

மார்ச் 18, திங்கள்

மானிட்டர் கம்பெனி ஆள் வந்தார். 41 வரை போனதால் விசாரணை உண்டு, அதற்கு எந்திரத்தின் பதிவு வேண்டும். துண்டுத்தாளைக் கிழித்துத் தாக் டீச்சரிடம் கொடுத்தார். நான் ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்த மருந்தையே மறுபடி எடுத்தேன்.

"பிட்னா."

"டீச்சர்."

"2:57-க்கு யாரோ எல்லையை 165-க்குக் குறைச்சிருக்காங்க."

ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"அந்த நேரத்துல பெட் பக்கத்துல நீ ஒருத்திதான இருந்த?"

"ஆமா டீச்சர்."

அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். 2:42-க்கு நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது எந்தத் தாளிலும் இல்லை. அது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வியாழக்கிழமை விசாரணை.

மிட்டாய் பாக்கெட்டைப் பிரித்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

மார்ச் 19, செவ்வாய்

அம்மா போன்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"என்ன சாப்ட?"

"சோறு."

"குரலே சரியில்லையே. திட்டினாங்களா? நீ திருப்பிப் பேசுடி. படிச்சவதான நீ? நானே மாட்டு ஏஜெண்டுகிட்ட பேசுறேன், பன்னண்டாவதுகூடப் படிக்கல."

"அம்மா, ஒரு விஷயம்..."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல."

வேலையை விட்டுவிட்டால் அந்தப் போட்டோவை எடுத்துவிடுவாளா, இல்லை அப்படியே தொங்குமா?

மார்ச் 20, புதன்

இன்று மதியம் 12:20-க்கு சோதாம் கண்ணைத் திறந்தாள். மேலே விளக்கைப் பார்த்தாள். அவள் அம்மா இடதுபக்கம் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். தோட்டத்து வண்டிச் சாவி. சோதாம் திரும்பினாள். வலதுபக்கம் போய் ஆட்டினார். திரும்பினாள். மறுபடி இடது. திரும்பினாள். எரிச்சலாகி அழுதாள். மூச்சுக்குழாய் இருப்பதால் சத்தம் வரவில்லை, முகம் மட்டும் அழுதது.

உதடு கத்தரிப்பூ ஆகவில்லை. சிவப்பாகவே இருந்தது.

"அழுறா பாருங்க சிஸ்டர்! எட்டு மாசத்துல முதல்தடவை நல்லா அழுறா! அழுடி, அழு!"

நான் மருந்து அறைக்குப் போய்ப் பஞ்சுப் பெட்டியை அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

மார்ச் 21, வியாழன்

விசாரணை. நீள மேசை. மா டாக்டர், தாக் டீச்சர், பாதுகாப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். யாரும் திறக்கவில்லை.

"எல்லையை மாத்தினது யாரு?"

"நான்."

"சத்தமா."

"நான்தான்."

"ஏன்?"

"அடிக்கணும்னு."

பாதுகாப்புப் பிரிவு ஆள் அதை எழுதிக்கொண்டார். பிறகு கோடு போட்டு அடித்தார். பிறகு மறுபடி எழுதினார்.

2:35-க்குப் பார்த்தேன் என்று சொன்னேன். 2:57 வரை பேசாமல் நின்றேன் என்றும் சொன்னேன். 2:42-ஐச் சொல்லவில்லை. நல்ல மனசால் இல்லை. அதைச் சொல்லவும் ஒரு குரல் வேண்டும்.

"அவ வந்தா" என்றார் தாக் டீச்சர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஒப்படைப்பு நடுவுல வந்து நின்னா. ரத்தம் நின்னுடுச்சுன்னு சொன்னா. பதினொண்ணு இருந்தது ஒரே மணியில பூஜ்யம். பன்னண்டு வருஷ சர்வீஸ், எனக்குப் புரிஞ்சிருக்கணும். நான் அந்த வார்த்தைய வாயில எடுத்ததுக்காகத் திட்டி அனுப்பினேன்."

யாரோ பாட்டிலைத் திறந்தார்கள். மா டாக்டர் என்னைப் பார்த்தார்.

"குழாய்க்குள்ள உறைஞ்சிருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது? வெளியில பார்த்தா சாதாரணமா ரத்தம் நிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"ஓரம் விலகி மஞ்சத்தண்ணி விட்டிருந்தது டாக்டர்."

"அத யார் கவனிப்பா?"

"எங்கம்மா ரத்தக்கட்டி சூப் கடை வச்சிருக்காங்க."

ஐந்து மாதமாக மறைத்தது. ஒரு மூச்சில் போய்விட்டது.

"எங்க?" என்றார் மா டாக்டர்.

"யோங்சொன் சந்தை."

"மீன் கடைங்க தாண்டியா, முன்னாலயா?"

"தாண்டி."

அதையும் பாதுகாப்புப் பிரிவு ஆள் எழுதிக்கொண்டார்.

முடிவு: உத்தரவில்லாமல் எல்லையைத் தொட்டதற்கு நான் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஒப்படைப்பில் கவனிக்காததற்குத் தாக் டீச்சரும். ஒரே படிவம், ஆளுக்கொன்று. வேலை போகவில்லை.

மார்ச் 23, சனி

படிவத்தில் நாலு கட்டம். என்ன நடந்தது — எழுதினேன். ஏன் நடந்தது — எழுதினேன். யார் பொறுப்பு — என் பெயரை எழுதினேன். நாலாவது: மறுபடி நடக்காமல் இருக்கத் தங்கள் கோரிக்கை.

அதைக் காலியாக விட்டிருக்கிறேன். கோரிக்கை ஒன்று இருக்கிறது. கேட்டால் என்ன நினைப்பார்கள்?

மார்ச் 24, ஞாயிறு

அம்மா போன்.

"உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருந்தா. உயரமா, கண்ணுக்குக் கீழ கருப்பா."

தாக் டீச்சர்.

"ரெண்டு கிண்ணம் சாப்ட்டா. கட்டிய எடுத்து எடுத்துப் பாத்து சாப்ட்டா. உன் போட்டோவையும் பாத்தா. 'உங்க பொண்ணு என்னப் பத்தி என்ன சொல்லியிருக்கா?'ன்னு கேட்டா. 'அவ யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லமாட்டா, பொறந்தப்பவே டாக்டர் தட்டித்தான் அழ வச்சார்'னேன். அதுக்கு அழுதுட்டா. மொளகாய்ப்பொடி அதிகமாயிடுச்சோ என்னவோ. தண்ணி குடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கிம்ச்சி கேட்டா, குடுத்தேன். நல்ல பொண்ணு. ஏன்டி, உங்கூட வேல பாக்கிறவளா?"

"டீச்சர்."

"என்ன சொல்லிக் குடுக்கிறா?"

மார்ச் 26, செவ்வாய்

தாக் டீச்சர் சூப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மேசையில் ஒரு ஜோடி புது சாக்ஸ் இருந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 29, வெள்ளி

சோதாம் வீட்டுக்குப் போனாள். ஏழு கிலோ நூறு. லிஃப்ட்வரை அழுதுகொண்டே போனாள். மாடி முழுக்கக் கேட்டது. இவ்வளவு சத்தம் இந்த உடம்பில் எங்கே இருந்தது?

அவள் அம்மா ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுவந்தார். வாங்கக் கூடாது, சட்டம். அப்படியே மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவருக்குக் கேட்டது. சரி என்று ஒன்றை உரித்து என் வாயில் திணித்தார். வாயில் இருப்பதைச் சட்டம் என்ன செய்யும்?

"சிஸ்டர், அந்த மெஷினைத் தொட்டது நீங்கதானாமே. தாக் சிஸ்டர் சொன்னாங்க."

வாய் நிறைய ஆப்பிள். மெல்ல வேண்டியிருந்தது. மென்று முடித்துவிட்டுச் சொன்னேன்: "இருபத்திரண்டு நிமிஷம் லேட்டா தொட்டேன்மா. முன்னாலயே தெரியும் எனக்கு. சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அடுத்த தடவ சீக்கிரம் சொல்லுங்க" என்றார். லிஃப்ட் வந்துவிட்டது.

மாலை ஒப்படைப்பு. தாக் டீச்சர் மேசையில், ஐந்தாம் படுக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். படுக்கைப் பக்கம் நான். எல்லாக் குழந்தைகளும் நன்றாக இருந்தார்கள். நான் எழுந்து மேசையை நோக்கி நடந்தேன். பாதி வழியிலேயே தாக் டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டார். ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

"என்ன?" என்றார்.

"பேனா வேணும் டீச்சர். என்னுது எழுதல."

கொடுத்தார். அவருடைய சொந்தப் பேனாவை.

இப்போது அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன். நாலாவது கட்டம் ரொம்பச் சின்னது. இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு அங்கே எழுதப் போகிறேன்:

படுக்கைப் பக்கத்திலிருந்து யாராவது நடந்து வந்து பின்னால் நின்றால், அலாரம் அடிக்காவிட்டாலும், தயவுசெய்து நீங்கள் முதலில் 'என்ன?' என்று கேளுங்கள். என்ன சொன்னாலும், 'வா, பார்க்கலாம்' என்று பத்தடி எங்களோடு நடந்து வாருங்கள்.